நிரூபிக்க வேண்டியவர் யார்? ஜெர்மனியின் மருந்து வழக்குகள்

ஜெர்மனியில் மூன்றே மூன்று மருந்துகளுக்கென்று தனி மருந்துச்சீட்டு உண்டு. டி-ரெசெப்ட் என்று பெயர். 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாலிடோமைடு, லெனலிடோமைடு, பொமலிடோமைடு ஆகியவற்றை மருத்துவர் அந்தச் சீட்டில் மட்டுமே எழுதலாம். சீட்டு ஆறு நாள்தான் செல்லும். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண் என்றால் நான்கு வாரத்துக்கு மேல் மாத்திரை தரக்கூடாது. அடுத்த சீட்டுக்கு முன் கர்ப்பப் பரிசோதனை கட்டாயம். மருந்துக்கடை ஒவ்வொரு சீட்டின் விவரத்தையும் பான் நகரிலுள்ள மத்திய மருந்து நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு இவை நல்ல மருந்துகள். ஆனால் இவற்றில் முதலாவது, 1957 அக்டோபர் 1 முதல் 1961 நவம்பர் 27 வரை, அதே நாட்டில் பெரும்பாலான காலம் எந்தச் சீட்டும் இல்லாமல் தலைவலி மாத்திரைபோல விற்கப்பட்டது. அப்போது அதன் பெயர் கோண்டெர்கான்.

அந்த நாலு வருடத்தின் விளைவு மேற்கு ஜெர்மனியில் மட்டும் சுமார் 5,000 குழந்தைகள். கை இல்லாமல், கால் இல்லாமல், தோளிலிருந்தே விரல் முளைத்து, காது இல்லாமல், உள்ளுறுப்பு சிதைந்து பிறந்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். உலகம் முழுவதும் கணக்கு சுமார் 10,000.

மருந்தைக் காவல் காப்பதில் ஜெர்மனி அதன் பிறகு வெகுதூரம் வந்துவிட்டது. அதற்கு அந்த மருந்துச்சீட்டே சாட்சி. மருந்தால் கெட்டவருக்குப் பதில் சொல்வதில் அவ்வளவு தூரம் வரவில்லை. சட்டம் இல்லாமலில்லை, உலகிலேயே கடுமையானவை என்று சொல்லப்படும் சட்டங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் 'இந்த மாத்திரைதான் இந்த உடம்பைக் கெடுத்தது' என்பதை யார் நிரூபிக்க வேண்டும் என்ற இடத்தில் அந்தச் சட்டம் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறது.

தாலிடோமைடை உருவாக்கியது ஆஹன் நகருக்குப் பக்கத்தில் ஸ்டோல்பெர்க்கில் இருக்கும் கெமி க்ரூனெந்தால் நிறுவனம். சோப்பும் வாசனைத் தைலமும் செய்துவந்த விர்ட்ஸ் குடும்பம் 1946இல் தொடங்கிய மருந்துக் கம்பெனி அது. ஆராய்ச்சித் தலைவர் ஹைன்ரிஷ் மூக்டர், போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த போலந்தின் கிராகோ நகரில் ராணுவ மருத்துவராக டைஃபஸ் தடுப்பூசி ஆராய்ச்சியில் இருந்தவர். புதிய பொருளை எலிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் சாகவில்லை என்பதைக் கண்டார்கள். அதுவே விளம்பரமாயிற்று: விஷமே இல்லாத தூக்க மருந்து. அன்றைய பார்பிட்டுரேட் மாத்திரைகளை அதிகம் விழுங்கி உயிர்விட்டவர்கள் ஏராளம் என்பதால் மக்கள் இதை நம்பியதில் வியப்பில்லை. குழந்தைகளுக்குத் திரவமாகவும் வந்தது. அதற்கு 'சினிமாச் சாறு' என்று வீடுகளில் செல்லப்பெயர். குழந்தைக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டு அம்மாவும் அப்பாவும் நிம்மதியாகப் படம் பார்க்கப் போகலாம். மசக்கை வாந்திக்கும் கைகண்ட மருந்தென்று கர்ப்பிணிகளிடம் பரவியது.

மருந்து கடைக்கு வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே, 1956 கிறிஸ்துமஸ் அன்று, ஸ்டோல்பெர்க்கில் கம்பெனி ஊழியர் ஒருவருக்குக் காதுகள் இல்லாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதை மாத்திரையோடு சேர்த்துப் பார்க்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. இதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அடுத்து நடந்தது. 1959 முதலே மருத்துவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்: மாதக்கணக்கில் கோண்டெர்கான் சாப்பிடும் முதியவர்களுக்குக் கைகால் மரத்துப்போகிறது, எரிகிறது, மாத்திரையை நிறுத்தினாலும் சரியாவதில்லை. டுசல்டார்ஃப் நரம்பியல் மருத்துவர் ரால்ஃப் ஃபோஸ் அதை வெளிப்படையாகப் பேசினார். கம்பெனியோ தன்னை விமர்சிக்கும் மருத்துவர்களைப் பற்றித் துப்பறியத் தனியார் ஆள் வைத்தது. 1961 ஆகஸ்ட் 1 அன்றுதான் மூன்று மாநிலங்களில் கோண்டெர்கானுக்கு மருந்துச்சீட்டு கட்டாயமானது. மேற்கு ஜெர்மனியின் முதல் மருந்துச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். அந்தச் சட்டமும் மருந்தைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. பதிவு செய்யச் சொன்னது, அவ்வளவே.

குழந்தைகள் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ஹாம்பர்க் மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ். அவரைத் தேடிப்போய்த் தூண்டியவர் கார்ல் ஷுல்டே-ஹில்லன் என்ற வழக்கறிஞர். அவர் மகனும், அவர் சகோதரியின் மகளும் ஒரே மாதிரி குறுகிய கைகளோடு பிறந்திருந்தார்கள். லென்ஸ் தாய்மார்களின் வீடுவீடாகச் சென்று, மருந்து அலமாரிகளைத் திறந்து பார்த்து, கேட்டு, எழுதினார். 1961 நவம்பர் 15 அன்று மூக்டரைத் தொலைபேசியில் அழைத்து மருந்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தவில்லை. நவம்பர் 24 அன்று டுசல்டார்ஃபில் மாநில உள்துறை அதிகாரிகள் முன் இரு தரப்பும் உட்கார்ந்தது. தடை போட்டால் வழக்குப் போடுவோம் என்றது கம்பெனி. 'கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டாம்' என்று பெட்டியில் ஒட்டுகிறோம் என்று பேரம் பேசியது. நவம்பர் 26 ஞாயிறன்று 'வெல்ட் அம் ஸோன்டாக்' பத்திரிகை செய்தியைப் போட்டது. மறுநாள் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அரசால் முடியாததை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை செய்தது. ஆனால் அதற்குள் வயிற்றிலிருந்த குழந்தைகள் 1962 கோடை வரை பிறந்துகொண்டிருந்தார்கள்.

தடுத்திருக்க முடியாத விபத்து என்று இதைச் சொல்வோருக்கு இரண்டு பதில் உண்டு. அமெரிக்க மருந்துத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஃப்ரான்சிஸ் கெல்சி, 1960 செப்டம்பரில் தன் மேசைக்கு வந்த விண்ணப்பத்தை, தரவு போதாது, தரவு போதாது என்று ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தார். நரம்புப் பாதிப்புச் செய்தி ஒன்றைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் படித்ததும் அவர் சந்தேகம் கூடியது. மறு பதில் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சுவருக்கு அந்தப்புறம், கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில், மருந்தியலாளர் ஃப்ரீட்ரிஷ் யுங் தலைமையிலான நிபுணர் குழு தாலிடோமைடுக்கு அனுமதி தரவில்லை.

கிழக்கை இதற்காக உச்சியில் தூக்கி வைக்கவும் முடியாது. 1978-79இல் ஹாலே நகர ரத்த நிறுவனம் தயாரித்த, ஆர்.எச். நெகட்டிவ் தாய்மாருக்குப் போடும் ஆன்டி-டி ஊசியால், பிரசவித்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஹெபடைடிஸ்-சி தொற்றியது. அந்தச் சரக்கு கெட்டது என்று தெரிந்தே அனுப்பியிருந்தார்கள். இயக்குநருக்கு ரகசிய விசாரணையில் சிறை. பெண்களுக்கோ என்ன நடந்தது என்றே முழுதாகச் சொல்லப்படவில்லை. அவர்களுக்கென்று தனிச் சட்டம் வர, நாடு ஒன்றாகி 2000ஆம் ஆண்டு ஆகவேண்டியிருந்தது.

மேற்கில் குற்ற விசாரணை 1961 டிசம்பரிலேயே தொடங்கியது. குற்றப்பத்திரிகை எழுதி முடிக்க ஐந்தாண்டுக்கு மேல், 972 பக்கம். 1968 மே 27 அன்று வழக்கு ஆரம்பித்தது. ஆஹன் நீதிமன்றத்தில் இத்தனை பேருக்கு இடமில்லை என்று, ஆல்ஸ்டார்ஃப் என்ற நிலக்கரி ஊரில் சுரங்கக் கம்பெனியின் பெரிய மண்டபத்தை நீதிமன்றமாக்கினார்கள். நிறுவனர் ஹெர்மன் விர்ட்ஸ் உட்பட ஒன்பது பேர் மீது குற்றச்சாட்டு. விர்ட்ஸ் உடல்நலம் காரணமாக விசாரணைக்கு வரவில்லை. 283 நாள் விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் வாதத்தை ஒரே ஒரு இடத்தில் குவித்தார்கள்: மாத்திரைதான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம்? அணுகுண்டுச் சோதனைக் கதிர்வீச்சாக இருக்கலாம், வைரஸாக இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம், தாய் கருவைக் கலைக்க முயன்றதாக இருக்கலாம். நாள்கணக்கில் சாட்சியம் சொன்ன லென்ஸையே, அவர் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் சாய்ந்தவர் என்று காட்டி, நிபுணர் என்ற தகுதியிலிருந்து நீக்கவைத்தார்கள். உண்மையை முதலில் கண்டவர் அதில் அக்கறை கொண்டதே குற்றமாகிவிட்டது.

1970 ஏப்ரலில் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்தது. பத்துக் கோடி மார்க் தருகிறோம், வட்டி தனி. பெற்றோர்கள் வேறு எந்தக் கோரிக்கையும் வைக்கக்கூடாது. குழந்தைகளில் பலருக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. வழக்கு இன்னும் பத்தாண்டு இழுக்கும் என்று தெரிந்த பெற்றோர்கள் ஒப்புக்கொண்டார்கள். டிசம்பர் 18 அன்று நீதிமன்றம் வழக்கைக் கைவிட்டது. அந்த ஆணையை இன்று வாசித்தால் வியப்பாக இருக்கும். தாலிடோமைடுதான் நரம்புப் பாதிப்புக்கும் உறுப்புக் குறைகளுக்கும் காரணம் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தனிமனிதனின் குற்றமும் சிறியது, வழக்கைத் தொடர்வதில் பொதுநலன் இல்லை என்கிறார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை, யாரும் விடுவிக்கப்படவும் இல்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் விஷயத்தில் பொதுநலன் இல்லை என்று எழுத ஒரு நீதிமன்றத்தால் முடிந்தது என்பதை நான் இன்னும் செரித்துக்கொள்ளவில்லை.

அடுத்ததுதான் நுணுக்கமான விஷயம். 1971 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி அறக்கட்டளை அமைத்தது. கம்பெனியின் பணமும் அரசின் பணமும் அதற்குள் போயின. அதே சட்டம் கம்பெனிமீது எவரும் தொடுக்கக்கூடிய அத்தனை உரிமைக் கோரிக்கைகளையும் ஒரே கோட்டில் அழித்துவிட்டது. 1976இல் அரசியல்சாசன நீதிமன்றமும் அதைச் சரி என்றது, அரசு தொடர்ந்து போதுமான உதவி செய்துவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆரம்பத்தில் கொடுத்த ஓய்வூதியம் மாதம் 100 முதல் 450 மார்க் வரை. கம்பெனி போட்ட பணம் 1997இல் தீர்ந்துபோனது. அன்று முதல் ஓய்வூதியம் முழுக்க வரிப்பணம். 2009இல் க்ரூனெந்தால் தானாக ஐந்து கோடி யூரோ கொடுத்தது. ஹைடெல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வு, வாயாலும் கால்விரலாலும் வாழ்ந்து தேய்ந்துபோன பற்கள், இடுப்பு, முதுகெலும்பு பற்றியெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகு, 2013இல் உச்சபட்ச மாத ஓய்வூதியம் 6,912 யூரோவாக உயர்ந்தது. நல்ல தொகைதான். அதைக் கொடுப்பவர் ஜெர்மனியில் வரி கட்டும் பேருந்து ஓட்டுநரும் செவிலியரும். மாத்திரை விற்றவர் அல்ல. 2012 ஆகஸ்ட் 31 அன்று ஸ்டோல்பெர்க்கில் ஒரு வெண்கலச் சிலையைத் திறந்துவைத்த கம்பெனித் தலைவர் ஹரால்டு ஸ்டாக், ஐம்பது ஆண்டு மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டார். மௌனத்துக்கு மன்னிப்பு, மருந்துக்கு அல்ல என்பதைப் பாதிக்கப்பட்டோர் சங்கங்கள் உடனே சுட்டிக்காட்டின.

பிரிட்டனில் பத்திரிகை வேறு வழி காட்டியது. அங்கே அந்த மருந்தை விற்றது டிஸ்டில்லர்ஸ் என்ற சாராயக் கம்பெனி. 1972இல் 'சண்டே டைம்ஸ்' ஆசிரியர் ஹரால்டு எவன்ஸ், வழக்கு நிலுவையில் இருக்கும்போது எழுதக்கூடாது என்ற தடையையும் மீறிப் போராட, கம்பெனி தொகையைப் பலமடங்கு உயர்த்த நேர்ந்தது. தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1979இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் இதே கதையைப் படமாக்கிய மேற்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தொலைக்காட்சிப் படம்கூட, நீதிமன்றத் தடைகளைத் தாண்டி 2007 நவம்பரில்தான் ஒளிபரப்பாக முடிந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1976இல் நிறைவேறி 1978 ஜனவரி 1 முதல் அமலான மருந்துச் சட்டம் இரண்டு வேலை செய்தது. விற்பனைக்கு முன் பலனும் பாதுகாப்பும் நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. அடுத்து, 84ஆம் பிரிவில், மருந்தைச் சொன்னபடி சாப்பிட்டும் ஏற்க முடியாத தீங்கு நேர்ந்தால், கம்பெனி தவறு செய்ததா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம், இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. அதற்காக ஒவ்வொரு கம்பெனியும் காப்பீடு வைத்திருக்க வேண்டும். இன்றைய உச்சவரம்பு ஒருவருக்கு ஆறு லட்சம் யூரோ, ஒரு மருந்துக்கு மொத்தம் பன்னிரண்டு கோடி. எழுத்தில் இதைவிட நல்ல சட்டம் கேட்க முடியாது.

நடப்பில் என்ன ஆயிற்று? 1980களில் ரத்த உறைவுப் பொருள் மூலம் சுமார் 1,500 ஹீமோபீலியா நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. வெப்பத்தால் கிருமி அழித்த பொருளை மார்புர்க்கின் பெரிங்வெர்கே நிறுவனம் 1981லேயே விற்றது, விலை அதிகம். மலிவானதே ஓடியது. பாதிக்கும் மேற்பட்ட தொற்றுகளைத் தடுத்திருக்கலாம் என்று 1994இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு சொன்னது. சுகாதார அமைச்சர் ஹோர்ஸ்ட் சேஹோஃபர் மத்திய சுகாதார அலுவலகத்தையே கலைத்தார். நோயாளிகளுக்குத் தொடர்ந்த உதவி 84ஆம் பிரிவிலிருந்து கிடைத்ததா? 1995இல் அரசும் மருந்து நிறுவனங்களும் செஞ்சிலுவைச் சங்கமும் பங்கு போட்ட ஓர் உதவி நிதியிலிருந்து கிடைத்தது. கோண்டெர்கான் பாணிதான்: உரிமை அல்ல, உதவி.

2001 ஆகஸ்டில் பேயர் நிறுவனம் கொலஸ்ட்ரால் மருந்து லிபோபேயைத் திரும்பப் பெற்றது. தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தவர்கள் என முதலில் சொல்லப்பட்ட எண்ணிக்கை 52. அமெரிக்காவில் பேயர் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பேயரின் சொந்த நாட்டில் அதற்கு அருகில்கூட எதுவும் நடக்கவில்லை. காரணம் எளிது: அமெரிக்காவில் வழக்குப் போட்டதும் கம்பெனி தன் உள் ஆவணங்களைத் தோண்டி எதிர்த்தரப்பின் மேசைமேல் வைத்தாக வேண்டும். ஜெர்மனியில் நோயாளி தன் கையில் இருப்பதை வைத்துத்தான் பேச வேண்டும். அவர் கையில் இருப்பது காலி மாத்திரை அட்டை.

இந்த வெட்கம் 2002இல் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. மருந்து அந்தத் தீங்கை விளைவிக்கக்கூடியது என்று தெரிந்தால், அதுவே காரணம் என்று அனுமானிக்கலாம். கம்பெனியிடம் தகவல் கேட்கும் உரிமையும் உண்டு. இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். அடுத்த வரி சொல்கிறது: அந்த நோயாளியின் சூழ்நிலையில் வேறொரு காரணமும் அந்தத் தீங்கை விளைவிக்கக்கூடியதாக இருந்தால், அனுமானம் செல்லாது. எந்த நோயாளிக்கு வேறொரு காரணம் இல்லை? வயது, எடை, சிகரெட், சர்க்கரை, பாட்டிக்கு இருந்த ரத்தக்கட்டு. ஆல்ஸ்டார்ஃபில் வழக்கறிஞர்கள் வாயால் சொன்ன 'வேறு காரணமாக இருக்கலாம்' என்ற வாதம் முப்பது ஆண்டு கழித்துச் சட்டத்தின் வாக்கியமாகவே அமர்ந்துகொண்டது.

பேயரின் கருத்தடை மாத்திரை யாஸ்மினெல் வழக்கு இதற்கு நேர் உதாரணம். ட்ரோஸ்பைரெனோன் உள்ள இந்த வகை மாத்திரைகளில் ரத்தம் கட்டும் அபாயம் பழைய மாத்திரைகளைவிடக் கூடுதல் என்பது இன்று துண்டுத்தாளிலேயே இருக்கிறது. 2009இல் நுரையீரலில் ரத்தக்கட்டு அடைத்து, இதயம் நின்று, உயிர் மீண்ட ஒரு பெண் 2011இல் வழக்குப் போட்டார். 2018இல் வால்ட்ஸ்ஹூட்-டீங்கன் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021இல் கார்ல்ஸ்ரூவே உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அவர் அதற்கு முன் நீண்ட விமானப் பயணம் செய்திருந்தார்; ரத்தக்கட்டு அதனாலும் வந்திருக்கலாம். பத்து வருட வழக்கு இந்த ஒரு 'உம்'மில் முடிந்தது. அமெரிக்காவில் இதே வகை மாத்திரைகளுக்காகப் பேயர் இருநூறு கோடி டாலருக்கு மேல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, கொடுத்திருக்கிறது.

எல்லா வழக்கிலும் நோயாளி பக்கமே உண்மை என்று நான் சொல்லவில்லை. பெர்லினின் ஷேரிங் கம்பெனி விற்ற டுவோகினோன், கர்ப்பமா என்று பார்க்கக் கொடுத்த ஹார்மோன் மருந்து. 1967லேயே பிரிட்டிஷ் மருத்துவர் இசபெல் கால் அதைக் குழந்தைகளின் குறைபாட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். 2017இல் பிரிட்டனின் நிபுணர் குழு அந்தத் தொடர்புக்கு ஆதாரம் போதாது என்றது. 2020இல் அதே நாட்டில் வெளியான கம்பர்லெஜ் விசாரணை அறிக்கை, 1967லேயே அதை நிறுத்தியிருக்க வேண்டும் என்றது. இரண்டும் முரணல்ல. சந்தேகம் வந்ததும் நிறுத்துவது ஒரு கடமை. சந்தேகம் உறுதியாவது வேறு விஷயம். ஆனால் பெர்லின் நீதிமன்றம் 2012இல் இந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. காலம் கடந்துவிட்டது என்று மூடிவிட்டது.

ஜெர்மனியில் அண்மையில் மருந்து விஷயத்தில் பெரிய சிறைத்தண்டனை பெற்றவர் போட்ரோப் நகர மருந்துக்கடைக்காரர் ஒருவர். புற்றுநோய் ஊசிகளில் மருந்தைக் குறைத்துக் கலந்து முழு விலைக்கு விற்றார். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். 2018இல் எஸ்ஸன் நீதிமன்றம் பன்னிரண்டு ஆண்டு கொடுத்தது. அவரைக் காட்டிக்கொடுத்தது மேற்பார்வை அதிகாரிகள் அல்ல. அவர் கடையிலேயே வேலை பார்த்த இருவர். தனி மனிதன் தெரிந்தே செய்யும் மோசடியைச் சட்டத்தால் பிடிக்க முடிகிறது. ஒரு நிறுவனத்தின் பல மேசைகளில் பிரிந்து கிடக்கும் அலட்சியத்தைப் பிடிக்க அதற்குக் கை நீளவில்லை.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய பொருள் பொறுப்பு உத்தரவை நிறைவேற்றியது. நிறுவனம் ஆவணங்களை வெளியிட நீதிமன்றம் கட்டளையிடலாம், நிரூபிப்பது மிகக் கடினமான தொழில்நுட்ப விஷயங்களில் காரணத்தை அனுமானிக்கலாம் என்கிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9க்குள் இதைச் சட்டமாக்க வேண்டும். அரை நூற்றாண்டு தாமதம் என்றாலும் கை வைத்திருப்பது சரியான இடத்தில்.

நம் ஊர் நிலைமை? 2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். இதே விஷம் 1972இல் சென்னையிலும் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது, மத்தியப் பிரதேச அரசு பெற்றோர்களுக்குத் தலா நான்கு லட்சம் அறிவித்தது. இங்கேயும் முதலில் கைநீட்டியது வரிப்பணம். நமது 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் என்பது, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு வசூலாகும் அபராதம்தான். விஷம் கலக்காத, அனுமதி பெற்ற மருந்தே ஒருவரைக் கெடுத்தால், 84ஆம் பிரிவு போன்ற ஒன்றோ கட்டாயக் காப்பீடோ இந்தியாவில் இல்லை. நுகர்வோர் நீதிமன்றப் படியேறி, அவரேதான் நிரூபிக்க வேண்டும். 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் தரக்குறைவு மருந்துக் குற்றங்களில் ஒரு பகுதியைப் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளவும் வழிசெய்தது. நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம்.

இந்தியா ஜெர்மன் சட்டத்தை அப்படியே எழுதிக்கொண்டால் போதாது. காப்பீட்டையும், தவறு நிரூபிக்காமலே பொறுப்பு என்ற விதியையும் எடுத்துக்கொள்ளட்டும். 'வேறு காரணம் இருக்கலாம்' என்ற வாசலை மட்டும் அடைத்துவிட்டு, அந்த வேறு காரணத்தை நிரூபிக்கும் வேலையைக் கம்பெனியிடம் கொடுக்கட்டும். ஜெர்மனியில் வாழும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு மருந்தால் உடம்புக்கு ஏதோ ஆகிறது என்று தோன்றினால் பெட்டியையும் துண்டுத்தாளையும் பேட்ச் நம்பரையும் எறியாதீர்கள். பக்க விளைவை நீங்களே மத்திய மருந்து நிறுவனத்துக்கு, தடுப்பூசி அல்லது ரத்தப் பொருள் என்றால் பால் எர்லிஷ் நிறுவனத்துக்கு, இணையத்தில் தெரிவிக்கலாம், டாக்டர் வேண்டியதில்லை. கம்பெனியிடம் தகவல் கேட்க 84அ பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு.